டீசல் விலை யார் தலையில்? நீலகிரியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

நீலகிரி மாவட்டத்தில் எண்ணெய்க் கிணறு கிடையாது. சுத்திகரிப்பு ஆலையும் கிடையாது. சமவெளி வரை வந்து நிற்கும் எண்ணெய்க் குழாய் இந்த மலையில் ஏறுவதுமில்லை. மின்சாரத்துக்கும் இங்கே எண்ணெயை நம்ப வேண்டியதில்லை. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பின்னர் கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. இன்றுவரை இம்மலை தன் தேவைக்கு மேல் மின்சாரத்தை ஆக்கிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்துவதற்கான சூட்டைப் பெரும்பாலும் விறகு தருகிறது. ஆக, பிற இடங்களில் எண்ணெயோடு கலந்து கிடக்கும் மின்சாரமும் ஆலை வெப்பமும் இங்கே ஏறக்குறைய தனியே பிரிந்து நிற்கின்றன. எஞ்சியிருக்கும் வேலைகளில் பெட்ரோலியம் என்ன செய்கிறது என்பதைக் கலப்பில்லாமல் பார்க்க இதைவிட வாய்ப்பான மாவட்டம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஒரு நாடு பெட்ரோலியத்தை எங்கெங்கே செலவிடுகிறது என்பதற்குப் புள்ளிவிவரங்கள் பல உண்டு. எரிபொருளின் விலை ஏறும்போது அந்த ஏற்றம் கடைசியில் யாரிடம் போய்த் தங்குகிறது என்பதை அந்தப் புள்ளிவிவரங்கள் சொல்வதில்லை. இந்த ஆய்வு முதல் கேள்வியைச் சுருக்கமாகவும் இரண்டாவது கேள்வியை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது. இதில் வரும் லிட்டர்க் கணக்குகள் சில, வண்டியின் எடை, தூரம், மைலேஜ் ஆகியவற்றை உத்தேசமாக வைத்து நான் போட்டுப் பார்த்தவை. அவை வரும் இடத்தில் அவ்வாறே குறிப்பிட்டிருக்கிறேன்.

நாட்டுக் கணக்கு

2023-24-ஆம் நிதியாண்டில் இந்தியா பயன்படுத்திய பெட்ரோலியப் பொருட்கள் சுமார் 23.3 கோடி டன். அதில் டீசல் மட்டும் ஏறத்தாழ 9 கோடி டன், அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. பெட்ரோல் 3.7 கோடி டன். சமையல் எரிவாயு 3 கோடி டன்னை ஒட்டி. மிச்சத்தில் சிமெண்ட் சூளைகளில் எரியும் பெட்ரோலியக் கரி, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்துப் பிளாஸ்டிக்குக்கும் ரசாயனத்துக்கும் போகும் நாப்தா என்ற லேசான எண்ணெய், சாலைக்குப் போகும் தார், விமான எரிபொருள், உலை எண்ணெய், மசகெண்ணெய் ஆகியவை அடங்கும். மண்ணெண்ணெய் 2012-13-இல் 75 லட்சம் டன் அளவில் விற்றது. 2023-24-இல் அது 5 லட்சம் டன்னை ஒட்டி வந்து நின்றது. மின்சாரமும் கேஸ் அடுப்பும் சேர்ந்து அதை ரேஷன் கடையிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றிவிட்டன.

தேவைப்படும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-க்கு முன் இந்தப் பட்டியலில் பெயருக்கு மட்டும் இருந்த ரஷ்யா, 2023-24-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தந்தது; ஈராக்கும் சவூதி அரேபியாவும் அதற்கு அடுத்து நின்றன. 2023-24-இல் கச்சா எண்ணெய் இறக்குமதிக்கான செலவு 13,000 கோடி டாலரைத் தாண்டியது. நாட்டின் சுத்திகரிப்புத் திறன் உள்நாட்டுத் தேவையைவிட அதிகம் என்பதால் கச்சா எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து, டீசலும் பெட்ரோலுமாக வெளியே விற்கவும் செய்கிறோம். சமையல் எரிவாயுவில் நிலைமை வேறு: பாதிக்கும் மேல் இறக்குமதிதான்.

யார் எரிக்கிறார்கள் என்பதற்கு, 2012-13-இல் மத்திய பெட்ரோலியத் துறைக்காக எடுக்கப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு இன்றும் பயனுள்ளது. பெட்ரோலில் ஏறக்குறைய முழுவதும் போக்குவரத்துக்கே போகிறது; அதிலும் 61 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வண்டிகளுக்கு. டீசலில் 70 விழுக்காடு போக்குவரத்துக்கு, 13 விழுக்காடு வேளாண்மைக்கு, சுமார் 9 விழுக்காடு ஜெனரேட்டர் உள்ளிட்ட தொழில் பயன்பாட்டுக்கு. பெட்ரோலியம் என்றதும் காரை நினைக்கும் நம் பழக்கத்துக்கு மாறாக, இந்த நாட்டின் எண்ணெயில் பெரும்பங்கு லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் மொபெட்டுக்கும் போகிறது என்பதே அதன் பொருள்.

மலைக்கு வரும் வழி

கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோயம்புத்தூர் வழியாகக் கரூருக்குப் போகும் குழாய், 2002 வாக்கில் இயங்கத் தொடங்கியது. கோவைக்குக் கிழக்கே இருகூரில் இருக்கும் கிடங்கில் அது பெட்ரோலையும் டீசலையும் இறக்குகிறது. அங்கிருந்து டேங்கர் லாரி மேட்டுப்பாளையம் வந்து, பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறுகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். இடையில் உள்ள 52 கிலோமீட்டரில் வண்டி ஏறும் உயரம் 1,900 மீட்டருக்கும் மேல்.

இந்த உயரத்தின் விலை என்ன? ஒரு டன் எடையை 1,900 மீட்டர் தூக்குவதற்கு இயற்பியல் கேட்கும் ஆற்றல் சுமார் 18.6 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருந்தாலும், இன்ஜினின் வெப்ப இழப்பெல்லாம் போகச் சக்கரத்துக்கு வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு. ஆக, உயரத்துக்காக மட்டும் டன்னுக்கு ஒன்றரை லிட்டர் டீசல் ஆகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கரை எண்ணெயோடும் இரும்போடும் சேர்த்து 17 டன் என்று வைத்தால், இருகூரிலிருந்து ஊட்டிக்கு ஏறி வெறும் வண்டியாகத் திரும்ப 60 லிட்டர் போதுமானது என்று வருகிறது. சுமந்துவரும் எண்ணெயில் இது அரை விழுக்காடு. எண்ணெய் தன்னைத் தானே சுமந்துகொண்டு மலையேறும் செலவு இவ்வளவு சொற்பம் என்பதுதான், கரியையும் விறகையும் மாட்டையும் அது வென்றதற்கான காரணம். ஊட்டி பெட்ரோல் பங்க்கில் சென்னையைவிட லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாக இருப்பதைப் பார்த்து, மலை என்பதால்தான் இங்கே எல்லாமே விலை என்று சொல்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். உயரம் செலவு வைக்கிறது. ஆனால் பெரிய லாரியில் மொத்தமாக ஏறும் பொருளுக்கு அது கிலோவுக்குச் சில காசுகளே. செலவு கூடுவது, பொருள் சிறு சிறு மூட்டையாக வளைவு வளைவாகச் சிதறும் இடத்தில்.

பச்சைத் தேயிலை

அந்தச் சிதறலைப் பார்க்கத் தேயிலையே சரியான இடம். நீலகிரியின் தேயிலையில் பெரும்பங்கு, பெரிய எஸ்டேட்டுகளைவிட ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பல்லாயிரம் சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களைச் சுற்றியும், கூடலூர், பந்தலூர் பக்கத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளைச் சுற்றியும் இத்தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலை சேர வேண்டும். சேராவிட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். ஆகவே மதியத்துக்கு மேல் பிக்கப் வண்டியோ பழைய ஜீப்போ தோட்டம் தோட்டமாக நின்று நின்று வருகிறது. சாலையோரத்தில் தராசைத் தொங்கவிட்டு, வலைப்பையில் இருக்கும் இலையை எடை போட்டு, மழை நாளாக இருந்தால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்து, சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு இலை ஏஜென்ட் அடுத்த திருப்பத்துக்குப் போகிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சரிவில் அணைத்துவிட்டு மறுபடி கிளப்பி ஏற்றுவதைவிட ஓடவிடுவதே மேல் என்பது ஓட்டுநரின் கணக்கு.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ வரை பச்சை இலை வேண்டும். பறித்த இலையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஓடும் அத்தனை வண்டியும் நாளெல்லாம் பெரும்பாலும் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் தொழிற்சாலையில் விசிறிக்காற்றிலும் விறகுச் சூட்டிலும் ஆவியாகிப் போகும். மலையில் டீசல் வீணாகும் இடம் எது என்று என்னைக் கேட்டால், கொண்டை ஊசி வளைவைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

1,200 கிலோ இலையைச் சேர்க்க 30 கிலோமீட்டர் சுற்றும் ஒரு வண்டி, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால் 4 லிட்டர் டீசல் ஆகிறது. 2024-இன் விலை நிலவரத்தில் அது 370 ரூபாய் அளவு. பச்சை இலைக்கு கிலோவுக்கு 30 காசு. தூளாகும்போது கிலோவுக்கு ஒன்றேகால், ஒன்றரை ரூபாய். இதோடு முடிவதில்லை. இலை வெட்டும் இயந்திரத்துக்கும் கவாத்து இயந்திரத்துக்கும் பெட்ரோல். தொழிற்சாலையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல். விறகு கொண்டுவரும் லாரிக்கு டீசல். உரம் மேலேறுவதற்கு டீசல். தூள் கீழே இறங்குவதற்கு டீசல்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யூரியா காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் எரிபொருளிலிருந்து எடுத்த ஹைட்ரஜனையும் கொண்டு ஆவது. தமிழ்நாட்டில் மணலி ஆலையும் தூத்துக்குடி ஆலையும் நெடுங்காலம் நாப்தாவை வைத்தே யூரியா செய்தன. மணலி 2019-இலும் தூத்துக்குடி 2021-இலும் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 45 கிலோ மூட்டையின் சில்லறை விலையை அரசு 270 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருப்பதால் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறினாலும் தோட்டக்காரருக்கு அது தெரிவதில்லை. மத்திய அரசின் மானியக் கணக்கில் தெரிகிறது.

இனி யார் தாங்குகிறார் என்ற கேள்வி. குன்னூர் ஏலத்தில் தூளுக்கு விலை வைப்பவர் வாங்குபவர். அஸ்ஸாம் தூள் என்ன விலை, கென்யா தூள் என்ன விலை, ஏற்றுமதி எப்படி என்பதைப் பார்த்து அவர் வைக்கிறார். கோத்தகிரியில் டீசல் மூன்று ரூபாய் ஏறியது என்பதற்காக அவர் ஒரு காசு கூட்டப்போவதில்லை. ஏல விலையின் சராசரியைத் தொழிற்சாலைக்கும் இலை தந்தவருக்கும் பகிர்ந்தளிக்கத் தேயிலை வாரியம் 65:35 என்ற விகிதத்தை வைத்திருக்கிறது; அதில் 65 விவசாயிக்கு. இந்த வாய்பாட்டில் எரிபொருளுக்கு என்று தனியே ஒரு வரி இல்லை. ஆகவே டீசல் ஏறும்போது தொழிற்சாலை தன் 35-க்குள் சுருங்க வேண்டும், அல்லது தரத்தைச் சொல்லியோ ஈரத்தைச் சொல்லியோ இலை எடையில் பிடிக்க வேண்டும். விவசாயி தன் 65-க்குள்ளேயே கூலி, உரம், இலை வண்டி எல்லாவற்றையும் அடக்க வேண்டும். 2023-இல் சிறு விவசாயிகள் பச்சை இலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு உண்ணாவிரதம் இருந்தபோது, கையில் கிடைத்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய அதில் பாதி. அந்த நிலையில் இருப்பவருக்கு 30 காசு என்பது சில்லறை அல்ல.

கேரட்

காய்கறி விவசாயியின் நிலை இன்னும் நேரடியானது. கேத்தி பாலாடா, முத்தொரை பாலாடா பகுதிகளில் கேரட் அறுவடை நள்ளிரவுக்கு மேல் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிறது. பிடுங்கிய கேரட் மூட்டை மூட்டையாகச் சாலையோரத்து இயந்திரத்துக்கு வந்து, சுழலும் உருளைக்குள் தண்ணீரில் புரண்டு, மண் கழன்று செக்கச்செவேலென்று வெளியே விழுகிறது. மறுபடி சாக்கில் ஏறி, விடியும்போது மேட்டுப்பாளையத்து மண்டியில் நிற்க வேண்டும். ஓடையிலிருந்து தண்ணீர் இறைத்த பம்பு டீசலிலோ பெட்ரோலிலோ ஓடியது. ஆட்களைக் கூட்டிவந்த வண்டி டீசலில் ஓடியது. சாக்கே நாப்தாவிலிருந்து பிறந்த பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்.

இறங்கும் வண்டிக்கு எரிபொருள் அதிகம் ஆகாது. கியரில் பிடித்து இறங்கினால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளை அறவே நிறுத்திக்கொள்கின்றன. மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுபவர் ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்காமல், பிரேக்கைக் காய்ச்சி உயிரையும் பணயம் வைக்கிறார். செலவு திரும்பி ஏறும்போதுதான். ஒன்றரை டன் கேரட்டை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வரும் பிக்கப்பின் சொந்த எடையே ஒன்றரை டன்னுக்கு மேல். போகவர 85 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் என்று வைத்தால் ஆயிரம் ரூபாய். கிலோவுக்கு 65, 70 காசு. மண்டியில் கேரட் 60 ரூபாய்க்குப் போகும் வாரத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. 10 ரூபாய்க்கு விழும் வாரத்தில் வண்டி வாடகை, கழுவுகூலி, ஏற்றுகூலி, மண்டிக் கமிஷன் எல்லாம் போக நிலத்திலேயே உழுதுவிடலாமா என்ற யோசனை வருகிறது.

மலையில் வாழ்பவர் இந்தப் பாதையை இரண்டு முறை கடக்கிறார் என்பதே இந்த ஆய்வின் மையம். அரிசி, பருப்பு, சிமெண்ட், கம்பி என மேலே ஏறும் பொருளுக்கு லாரி வாடகையைக் கூட்டிக் கொடுத்து வாங்குகிறார். தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு என்று கீழே இறங்கும் பொருளுக்கு அதே வாடகையைக் கழித்துக்கொண்டு விற்கிறார். சமவெளியில் இருக்கும் மண்டிக்காரருக்கு ஊட்டி கேரட்டும் கர்நாடகத்துக் கேரட்டும் ஒரே தராசில் நிற்பவை. அவர் விலையைக் கீழே நின்று வைக்கிறார். டீசல் ஏறினால் வாங்கும் விலை ஏறும், விற்கும் விலை ஏறாது.

அடுப்பு

சமையல் எரிவாயு மலையேறுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 14.2 கிலோ வாயுவுக்கு ஏறக்குறைய அதே எடையுள்ள இரும்பு சிலிண்டர் கூடவே ஏறி, காலியாக மறுபடி இறங்குகிறது. ஏறிய பிறகும் அது சமவெளியில் எரிவதுபோல் எரிவதில்லை. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது. குக்கர் இல்லாத வீட்டில் வாயு கூடுதலாகச் செலவாகும். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி மேல் உறைபனி படியும் காலையில் இன்னொன்றும் நடக்கும்: சிலிண்டரில் கால்வாசி வாயு இருக்கும், அடுப்போ சுண்டிப்போய் எரியும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகும். வெளியே வைத்த சிலிண்டரில் புரொப்பேன் முதலில் போய்விட, எஞ்சிய பியூட்டேன் குளிரில் திரவமாகவே கிடக்கிறது. வெயில் ஏறியதும் அதே சிலிண்டர் ஒழுங்காக எரியும். எடை குறைத்துவிட்டார்கள் என்று ஏஜென்சியில் போய்ச் சண்டை போடுவதற்கு முன் வெயிலுக்காகக் காத்திருப்பது நல்லது.

விலையைப் பொறுத்தவரை, வீட்டுச் சிலிண்டருக்கும் கடைச் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் கோடு கவனிக்கத்தக்கது. வீட்டுச் சிலிண்டருக்கான நேரடி மானியம் 2020-இன் நடுவில் பெரும்பாலோருக்கு நின்றுபோனது; விலை 2022-23-இல் 1,100 ரூபாயைத் தாண்டியது; 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டது. இவை அரசு தேதி பார்த்து எடுத்த முடிவுகள். ஓட்டலுக்கும் தேநீர்க் கடைக்கும் போகும் 19 கிலோ சிலிண்டர் அப்படியல்ல; ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் உலக விலையையொட்டி மாறும். கோடை சீசனில் இந்த ஏற்றத்தைச் சுற்றுலாப் பயணியின் பில்லில் ஓட்டல் சேர்த்துவிடும். உள்ளூர்க்காரர் குடிக்கும் தேநீரில் கடைக்காரர் ஒரு ரூபாய் கூட்ட ஆறு மாதம் தயங்குவார். சிலிண்டர் விலை எட்டாத வீடுகளில், குறிப்பாகத் தோட்டத் தொழிலாளர் லைன்களில், விறகு இன்னும் அணையவில்லை. குளிருக்கும் வெந்நீருக்கும் அது எப்படியும் வேண்டும் என்பதால், கேஸ் இணைப்பு வந்த பிறகும் இரண்டு அடுப்பும் ஒரே சமையலறையில் இருக்கின்றன.

பேருந்து, வாடகை வண்டி, ரயில்

இங்கே மூன்று வாகனங்கள் மூன்று விதமாக விலையை ஏற்கின்றன.

அரசுப் பேருந்துக் கட்டணம் கடைசியாக 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. அப்போது சென்னையில் டீசல் 65 ரூபாயை ஒட்டி இருந்தது. 2024-இல் 92 ரூபாய். நடுவில் இருக்கும் 27 ரூபாய் பயணியின் டிக்கெட்டில் ஏறவில்லை. போக்குவரத்துக் கழகத்தின் கடனிலும் மாநில அரசின் மானியத்திலும் ஏறியது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் தொடங்கி, 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது. தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு டீசல் விலை இன்று ஒரு பொருட்டல்ல. பேருந்து போகாத ஊருக்கு ஆள் சேர்த்துக்கொண்டு ஓடும் ஜீப்பில் ஏறுபவருக்கு அது அன்றைக்கே தெரியும். நல்ல பேருந்துத் தடம் என்பது எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிரான காப்பீடு. மலையில் அது தார்ச்சாலை முடியும் இடத்தோடு முடிந்துவிடுகிறது.

வாடகைக் கார் ஓட்டுநர் ஏற்றத்தைப் பயணியிடம் கேட்டு வாங்கலாம், சீசனில். ஆள் வராத ஜூலை மழையில் எட்டு வண்டி ஒரு பயணியைப் பார்த்து நிற்கும்போது அவரும் கேரட் விவசாயியின் நிலைக்கு வந்துவிடுகிறார். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அதனால் மலைக்கு எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்ற கணக்குக்குள் இந்த ஆய்வு போகவில்லை.

ரயிலை ஓரிரு வரியில் முடிக்கலாம். 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த 45.88 கிலோமீட்டர் மலை ரயில், நிலக்கரியை விட்டு உலை எண்ணெய்க்கும் பின் டீசலுக்கும் மாறிய நீராவி இன்ஜின்களால் குன்னூர் வரை தள்ளப்படுகிறது. அதற்கு மேல் டீசல் இன்ஜின். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான இது, இன்று சரக்கு எதையும் சுமப்பதில்லை. நாட்டின் அகல ரயில் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்ட காலத்தில், நீர்மின் நிலையங்களுக்கு நடுவே ஓடும் இந்தப் பல்சக்கரப் பாதை எண்ணெயை எரிப்பது முரண்தான். ஆனால் புகையும் விசிலும் பார்க்க வருபவர்களே அதன் வருமானம் என்பதால், இந்த முரணைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பொருளாக உள்ளே இருப்பது

எரிக்காமல் பயன்படும் பெட்ரோலியத்தையும் சொல்லியாக வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடுத்த மாவட்டம் இது. 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தபோது இங்கே அது புதிதல்ல. கல்லாறிலும் பர்லியாரிலும் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைக்கும் சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே வந்தால், கொய்மலர் வளர்க்கும் பாலிஹவுஸ்களின் கூரைத்தாள், சொட்டுநீர்க் குழாய், உரச் சாக்கு, கேரட் சாக்கு, தேயிலைத் தூளின் உள்ளுறை என்று பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மலை நிறைய இருக்கின்றன. தடை பயணியின் கையில் இருப்பதைத் தொடுகிறது. தொழிலுக்குள் இருப்பதைத் தொடவில்லை, தொடவும் முடியாது. தாரும் அப்படியே. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தையும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தையும் அடித்துப் பிய்ப்பதால் மாவட்டத்தின் ஏதாவதொரு சாலையில் எப்போதும் தார் உருகிக்கொண்டிருக்கிறது.

வரி

2010 ஜூனில் பெட்ரோலுக்கும் 2014 அக்டோபரில் டீசலுக்கும் அரசின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறலாம் என்றானது. ஏட்டளவில் உலக விலையோடு உள்ளூர் விலை ஏறி இறங்க வேண்டும். 2020-இல் அது சோதிக்கப்பட்டது. ஊரடங்கில் உலகத் தேவை சரிந்து, ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. மத்திய அரசு மார்ச்சிலும் மே மாதத்திலும் கலால் வரியைக் கூட்டி, அந்தச் சரிவைத் தன் கருவூலத்தில் பிடித்துக்கொண்டது. மே மாதத்தில் மட்டும் டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய். அதே மாதம் தமிழ்நாடு அரசும் மதிப்புக் கூட்டு வரியை மாற்றியமைத்து, டீசலுக்கு 11 விழுக்காட்டோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் என்று வைத்தது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் கலால் வரி குறைந்தது. 2023-24-இல் பெட்ரோலியத் துறையிலிருந்து மத்திய, மாநில அரசுகளுக்குச் சேர்ந்த வருமானம் 7 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

இந்த வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதைக் கூடலூரில் கண்ணாலேயே பார்க்கலாம். கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் எல்லை தாண்டி வரும் கேரளப் பதிவு வண்டிகள் தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன.

பெட்ரோலையும் டீசலையும் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஆகிய ஐந்தும் வெளியே நிறுத்தப்பட்டன. உள்ளே வந்தால், டீசலுக்குக் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி தொழிலுக்குக் கிடைக்கும். மேலே சொன்ன ஒவ்வொரு கண்ணியிலும் வரி மேல் வரி ஏறுவது நிற்கும். சிமெண்ட் லாரிக்கும், தூளை விற்று வரி கட்டும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் இது உதவும். ஆனால் விளைபொருளை ஏற்றிச் செல்லும் லாரி வாடகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, விலக்குப் பெற்ற சேவையைத் தருபவர் தான் வாங்கிய டீசலின் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. காய்கறிக்கே வரி இல்லை. விற்கும் விவசாயி பதிவு செய்தவரும் இல்லை. ஆகவே வரியைக் கழித்துக்கொள்ளும் அந்த வசதி கேரட் வண்டிக்கும் பச்சை இலை வண்டிக்கும் வந்து சேராது. டீசல் மீதான மொத்த வரி விகிதமே இப்போதிருப்பதைவிடக் குறைவாக வைக்கப்பட்டால் மட்டுமே அவற்றின் செலவு குறையும். அப்படிக் குறைத்தால் மாநிலங்களுக்கு ஏற்படும் இழப்பை யார் ஈடு செய்வது என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு நின்றுபோகிறது.